இது எந்த ஊர்க் கல்?

ஏரி தூர்வாரும்போதோ கிணறு வெட்டும்போதோ விசித்திரமான கல் ஒன்று கிடைத்துவிட்டால், நம் ஊர்களில் அதற்கு உடனே ஒரு பெயர் வந்துவிடும்: முட்டை, எலும்பு, சங்கு, சில வேளை சாமி. அதை எடுத்துக்கொண்டு ஒரு நிலவியலாளரிடம் போனால், கல்லைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே அவர் கேட்பது, "எங்கே எடுத்தீர்கள்?" என்பதுதான். அடையாளம் காணும் வேலையில் பாதி அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் முடிந்துவிடுகிறது. திருநாவலூரில் நின்று நான்கு பக்கமும் பார்த்தால் இதன் காரணம் விளங்கும்.

சுந்தரர் பிறந்த இந்த ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில் வெந்து உருவான சார்னோகைட்டும் நைஸும்தான் அந்த மலையின் பாறைகள். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. ஓடு கொண்ட உயிரினங்கள் பூமியில் பெருகியதோ சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே மலைப்பாறையில் சங்கைப் போல என்ன தெரிந்தாலும் அது சங்காக இருக்க முடியாது. கிழக்கே போனால் பண்ருட்டியின் முந்திரித் தோப்புகளும் செம்மண்ணும். அந்தப் பக்கத்து நிலத்துக்கு அடியில் இருப்பது கடலூர் மணற்கல். வடகிழக்கே திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் இதே மணற்கல்லைச் சேர்ந்தவை. வயது சுமார் 2 கோடி ஆண்டு. தெற்கே விருத்தாசலம், அதையும் தாண்டி அரியலூர். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் அங்கே கடல் இருந்தது. ஒரே நாளில் பேருந்தில் சுற்றி வரக்கூடிய தூரத்துக்குள் உயிர்த்தடமே இல்லாத பாறை, காடு கிடந்த பாறை, கடல் கிடந்த பாறை என்று மூன்றும் இருக்கின்றன.

இந்தக் கடல் பாறைகளை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் தொழில்முறை நிலவியலாளர்கள் அல்லர் என்பது பலருக்குத் தெரியாது. சென்னை மாகாண நிர்வாகத்தில் அதிகாரிகளாக இருந்த காயி, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், 1840-களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி ஆகிய மூன்று வட்டாரங்களில் ஆர்வத்தின் பேரில் சிப்பிக் கற்களைச் சேர்த்து லண்டன் நிலவியல் சங்கத்துக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-இல் அறிக்கை வெளியிட்டார். எந்தக் கல் எந்த வட்டாரத்தது என்று பிரித்து வைத்திருந்ததால்தான், மூன்று இடங்களையும் ஐரோப்பாவில் கிரெட்டேசியம் எனப்படும் டைனோசர் காலத்துப் பாறைகளோடு ஒப்பிட அவரால் முடிந்தது. புதிதாகக் கண்ட அம்மோனைட்டுகள் சிலவற்றுக்கு இந்திரன், பிரம்மா என்று நம் தெய்வங்களின் பெயரையே சூட்டினார். 'சூடோஃபில்லைட்டஸ் இந்திரா' என்ற பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. பிற கண்டங்களில் அதே இனம் கிடைத்தாலும் இந்திரா என்றுதான் எழுதுகிறார்கள். ஓய்வு நேரத்தில் கல் பொறுக்கியவர்கள் செய்த காரியம் இது.

அம்மோனைட் என்பது கணவாயின் தூரத்து உறவான கடல் விலங்கு. சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்தது. நம் வீட்டுப் பூஜையறைகளில் இருக்கும் சாளக்கிராமம் பலவும் நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் கற்களே. நத்தையின் சுருள் பெரும்பாலும் கோபுரம்போல் ஒரு பக்கம் உயர்ந்து போகும், உள்ளே தடுப்பு இருக்காது. அம்மோனைட்டின் சுருள் பெரும்பாலும் ஒரே தளத்தில் தட்டையாக அமையும், உள்ளே வரிசையாக அறைகள் இருக்கும். அறைச்சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் நெளிநெளியான கோடுகள் விழும். நிபுணர் இனத்தைப் பிரிப்பதில் அந்தக் கோடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. ஆகவே பாறையில் ஒன்று பதிந்திருந்தாலே அந்தப் பாறை அதற்கும் முந்தியது என்று சொல்லிவிடலாம்.

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலை ஒன்றைத் தோண்டியபோது உருண்டை உருண்டையான பெரிய கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செல்பேசிகளில் செய்தி பறந்தது. நேரில் பார்த்த நிலவியலாளர்கள் அவை அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்த உருண்டைகள் என்றார்கள். கடலடிச் சேற்றில் செத்துக் கிடக்கும் ஓட்டைச் சுற்றி, நீரில் கரைந்திருக்கும் தாதுக்கள் படிந்து இறுகினால் இப்படி உருண்டை உருவாகும். உண்மையான முட்டைப் படிவத்தில் மெல்லிய ஓடு தனி அடுக்காகத் தெரியும்; லென்ஸ் வைத்துப் பார்த்தால் அதில் நுண்துளைகள் இருக்கும். ஒரே கூட்டின் முட்டைகள் அளவில் அதிகம் வேறுபடாது. இந்த உருண்டைகளோ பலாக்காய் அளவிலும் இருக்கும், எலுமிச்சை அளவிலும் இருக்கும். ஏமாந்தார்கள் என்று குன்னத்து மக்களைக் கேலி செய்வது நியாயமில்லை. அவர்கள் கையில் இருந்ததும் அரிய பொருள்தான், பெயர்தான் மாறிப்போனது.

கல்மரத்தைக் கண்டுபிடிப்பது எளிது, எந்த மரம் என்று சொல்வதுதான் கடினம். மணலில் விரைவாகப் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, செல் செல்லாகப் படிந்து, மரத்தின் உள்ளமைப்பைக் கல்லில் காப்பாற்றி வைக்கிறது. திருவக்கரை அடிமரங்களில் கிளையோ இலையோ வேரோ இல்லாததால், அவை வேறெங்கோ விழுந்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று கருதுகிறார்கள். மர இனத்தை அறிய, கல்லைக் குறுக்காகவும், நடுவிலிருந்து ஆரமாகவும், வெளிவட்டத்தைத் தொட்டபடி நெடுக்காகவும் மூன்று விதமாக அறுத்து, ஒவ்வொரு சில்லையும் 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நீர்க்குழாய்களின் துளைகள் தெரிந்தால் பெரும்பாலும் பூக்கும் தாவரம். துளையின்றி ஒரே சீரான செல்கள் என்றால் ஊசியிலை மரம். கார்பன் சோதனை செய்து வயது சொல்லக்கூடாதா என்று பலர் கேட்பதுண்டு. அந்த முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் எட்டாது. கல்மரத்தின் வயது அது கிடந்த அடுக்கிலிருந்துதான் தெரியவரும். அடுக்கு தெரியாத கல்மரம் அலங்காரப் பொருளாகிவிடுகிறது.

நிபுணர்களுக்கே கண் தடுமாறிய கதை ஒன்று அரியலூர் பக்கம் கல்லமேட்டில் நடந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கிடைத்த மிகப்பெரிய எலும்புகளுக்கு 1980-களின் இறுதியில் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். ஊன் தின்னும் டைனோசர் என்றுதான் முதலில் எழுதினார்கள். பின்னர் தாவரம் தின்னும் நீள்கழுத்து இனம் என்று கருத்து மாறியது. எலும்பே அல்ல, கல்மரமாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. சரிபார்க்க எலும்புகளைத் தேடினால், அவை அதற்குள் பொடிந்து அழிந்திருந்தன. 2022-இல் பழைய ஒளிப்படங்கள் வெளியான பிறகுதான் டைனோசர் என்ற தரப்புக்கு மறுபடி வலு வந்தது. பூமியில் நடமாடிய மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கக்கூடிய அதற்கு மிஞ்சியிருப்பவை படங்களும் எழுத்தும்தான். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வேதனையாக இருக்கிறது.

திருநாவலூர்ப் பக்கம் வயலில் சிப்பிக் கல் ஒன்று கிடைத்தால், அது லாரி ஏறி வந்ததா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். சாலைக்கும் மேட்டுக்கும் கொட்டும் மண்ணும் கல்லும் எந்தக் குவாரியிலிருந்தும் வந்திருக்கலாம். கல்லைப் பிளந்தால் கறுப்பாகப் பெரணி இலைபோல் தெரிவதும் அநேகமாக இலை அல்ல. விரிசலில் ஊறிய மாங்கனீசுக் கறை அப்படிக் கிளை விரிக்கும். நடுநரம்பு இருக்கிறதா என்று பாருங்கள், கறையில் அது இருக்காது.

கல்லை எடுப்பதற்கு முன் கிடந்தபடியே படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலோ நாணயமோ வையுங்கள். செல்பேசி காட்டும் இடக்குறியீடு, ஊர், ஓடையா கிணறா, எவ்வளவு ஆழம், மேலும் கீழும் என்ன மண் என்பதையெல்லாம் பென்சிலால் சீட்டில் எழுதிக் கல்லோடு கட்டி வையுங்கள். அமிலம், எண்ணெய், வார்னிஷ் எதையும் பூசாதீர்கள். எலும்புபோல் தெரிந்தால் பிடுங்கவே வேண்டாம். மண்ணைப் போட்டு மூடிவிட்டுத் தகவல் சொல்லுங்கள். திருவக்கரையும் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரமும் பாதுகாக்கப்பட்ட தேசிய நிலவியல் நினைவிடங்கள், அங்கிருந்து ஒரு சில்லும் எடுக்கக் கூடாது. சந்தேகம் கேட்க இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போங்கள். உங்கள் கல்லையும் சீட்டையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.