எடைக்கு இல்லை சான்றிதழ், முழங்காலுக்கு உண்டு

டென்மார்க்கின் பில்லுண்ட் நகராட்சியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் 15 ஆண்டுகள் இருந்தவர் கார்ஸ்டன் கால்டாஃப்ட். எடை 160 கிலோவுக்குக் குறைந்ததில்லை. 2010-இல் வேலை போனது. பருமனால்தான் நீக்கினார்கள் என்று வழக்குப் போட்டார். பருமன் என்பதாலேயே ஒருவர் மாற்றுத்திறனாளி ஆகிவிட மாட்டார். பருமனால் நீண்ட காலம் நடமாட்டம் முடங்கி, வேலையில் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனால் ஆகலாம் என்று 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் விளக்கியது.

நம் ஊர்ச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் பருமன் கிடையாது. ஆனால் தேய்ந்து மடங்காத முழங்கால், பக்கவாதத்தில் விழுந்த கை, சர்க்கரை நோய்க்குப் பறிகொடுத்த கால் அல்லது பார்வை ஆகியவற்றுக்கு இடமுண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் தரும் மருத்துவக் குழு தராசைப் பார்க்காது. எவ்வளவு இயக்கம் போயிருக்கிறது என்று பார்க்கும். குறைபாடு 40 சதவீதத்தைத் தொட்டால் அரசு வேலை இடஒதுக்கீடு உட்படப் பல உரிமைகள் திறக்கின்றன.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடை அல்லது பருமன் உள்ளவர்கள். பேருந்துப் படி உயரம் என்பதால் கல்யாணங்களுக்குப் போவதை விட்டவர்கள், உட்கார்ந்து எழ முடியாத கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரையே குறைத்துக்கொண்டவர்கள் இவர்களில் உண்டு. எந்த விவரமும் கேட்காமல் "எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவது வைத்தியமா? வலிக்கிற காலோடு எப்படி நடப்பார்கள்? வலிக்கு மருந்து, தொடைத் தசைக்குப் பயிற்சி, சாப்பாட்டுத் திருத்தம் மூன்றும் சேர்ந்தே தொடங்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மீதான சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்கின்றன ஆய்வுகள். ஐந்து கிலோகூடச் சும்மா இல்லை. வெளியே போக முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை மருத்துவர் வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அரசுப் பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தால், அதைக் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்றலாம் என்கிறது சட்டத்தின் 20-ஆவது பிரிவு. மருத்துவக் குழுவிடம் காட்ட எக்ஸ்ரே, பழைய மருந்துச் சீட்டுகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சான்றிதழுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் குழு தரும் சதவீதம் சரியில்லை என்று பட்டால் மேல்முறையீடு செய்ய 59-ஆவது பிரிவு இருக்கிறது.