ஒரே டிக்கட்டில் இரண்டு நாடு

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் தரைவழி கிடையாது. ஆனாலும் கோச்சியும் கப்பலும் சேர்ந்து ஒரே வழியாக இயங்கிய காலம் ஒன்று இருந்தது. எங்கட மூத்தாப்பாமார் அதை ‘போட்மெயில்’ எண்டுதான் சொல்லுவாங்க.

சென்னையிலிருந்து வருகிறவர் முன்னர் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கப்பலில் நீண்ட கடலைக் கடந்து கொழும்பில் இறங்க வேண்டும். 1914 பெப்ரவரி 24இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் வழி மாறியது. தனுஷ்கோடி இறங்குதுறை வரை கோச்சி வந்தது. அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறக்குறைய 35 கிலோமீற்றர் கடல். மன்னார்க் கரையில் இலங்கைக் கோச்சி நின்றது. இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் இந்தக் கடலில் ஓடிப் பெயர் பெற்றவை.

அந்தப் பக்கம் மீற்றர் பாதை, இந்தப் பக்கம் அகலப் பாதை. ஒரே பெட்டியில் இருந்தபடி சென்னையிலிருந்து கொழும்புக்கு வர முடியாது. ஆனாலும் பயணி அலையவில்லை. சென்னை எழும்பூரில் வாங்கிய டிக்கட் கப்பலுக்கும் செல்லும், கொழும்புக் கோட்டை வரையும் செல்லும். கோச்சி நேரத்துக்கு ஏற்பக் கப்பல் நேரமும் அமைந்திருந்தது.

1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தபோது நமது பகுதியும் இந்த வழியோடு இணைந்தது. உன்னிச்சையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு வந்து சேர்ந்தவர், மாகோவில் மாறி, மதவாச்சி ஊடாகத் தலைமன்னாரை அடையலாம். விமானம் என்ற பேச்சே தேவைப்படவில்லை.

1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் வண்டியையும் கடல் கொண்டது. பிறகு இராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் ஓடியது. 1980களின் நடுப்பகுதியில், யுத்தச் சூழலில் அதுவும் நின்றது. தலைமன்னார்ப் பாதையும் யுத்தத்தில் அழிந்து, 2015 மார்ச்சில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் வந்துவிட்டது. இன்று இராமேஸ்வரத்திலும் தலைமன்னாரிலும் தண்டவாளம் இருக்கிறது. நடுவில் கப்பல்தான் இல்லை.

இப்போதுள்ள கப்பல் வழி நாகப்பட்டினம்–காங்கேசன்துறை. 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் குழம்பினால் சேவை நிற்கும். ஆகவே மாரிகாலத்தில் போக நினைப்பவர் நாளை உறுதிசெய்யாமல் வீட்டை விட்டு இறங்கக் கூடாது.

உன்னிச்சையிலிருந்து ஒருவர் இவ்வழியே போவதென்றால் மட்டக்களப்புக்கு ஒரு பஸ், யாழ்ப்பாணத்துக்கு ஒரு பஸ், காங்கேசன்துறைக்கு இன்னொரு பஸ் அல்லது கோச்சி. ஒவ்வொன்றுக்கும் வேறு டிக்கட், வேறு நேரம். ஒன்று பிந்தினால் கப்பல் போய்விடும். ஓர் இரவு தங்கும் செலவு தலையில் விழும். கடவுச்சீட்டும் இந்திய விசாவும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அந்த விசா கடல்வழி நுழைவுக்குச் செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இது வெறும் பயண வசதி பற்றிய பேச்சு அல்ல. நாகூர்க் கந்தூரியும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றமும் ஒரே பெரியாரின் நினைவில் நடப்பவை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஊர்களோடு நமக்குள்ள உறவு ஆலிம்களாலும் வியாபாரிகளாலும் கிதாபுகளாலும் வளர்ந்தது. கடல் கடக்கும் செலவு கூடக்கூட, அந்த உறவு வசதியுள்ளவர்களின் உறவாகச் சுருங்கிப்போகும். வயற்காரனும் கூலிக்காரனும் “எங்களுக்கு எங்க அது?” என்று விட்டுவிடுவார்கள்.

கப்பல் விட்டால் மட்டும் வழி திறந்ததாகாது. 1914இல் இரண்டு ரயில் நிர்வாகங்கள் ஒரே டிக்கட்டுக்கு இணங்கின. இன்று மட்டக்களப்பிலிருந்து காங்கேசன்துறைத் துறைமுகம் வரை, கப்பல் நேரத்துக்கு இணைந்த ஒரு பஸ்ஸும், கப்பலையும் சேர்த்து ஒரே பற்றுச்சீட்டும் போதும். பள்ளிவாசல் சம்மேளனங்களும் பிரதேச சபைகளும் கேட்க வேண்டியது அதைத்தான்.