நாற்று முற்றுமுன் நடுக
இணையத்தில் விளைபொருள் விற்கத் தொடங்குவோர்க்கு

கமக்காரர் தம் நெல்லையும் மரக்கறியையும் கைத்தொலைபேசி வாயிலாக நுகர்வோருக்கு நேரே விற்றல் இக்காலத்தில் எளிதாயிற்று. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, இலங்கையில் பலர் வீட்டிலிருந்தே பொருள் கேட்டுப் பெறப் பழகினர். ஆயினும் இதனைத் தொடங்க விரும்புவோர், "நல்ல பெயர் அமையட்டும், படம் திருத்தமாகட்டும், இணையத்தளம் முற்றுப்பெறட்டும்" எனக் காலங் கடத்துவதுண்டு.

தாமதத்தால் வரும் கேடு

மூன்றரை மாத நெல்லின் நாற்றைச் சுமார் மூன்று வாரத்துள் நடுதல் நன்று. வயல் முற்றிலும் சமனாகட்டும் எனக் காத்திருப்பின் நாற்று முற்றிவிடும், மட்டம் வெடிப்பது குறையும், விளைவும் குன்றும். வியாபாரமும் அத்தகையதே. பறித்த வெண்டியும் கத்தரியும் சில நாளில் வாடும். வாடியதை வந்த விலைக்கே கொடுக்க நேரிடும். இத்தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஆயத்தக் குறைவன்று. ஊரார் குறை கூறுவரோ என்னும் கூச்சமேயாம்.

எதில் திருத்தம் வேண்டும்?

நிறை, தரம், விலை, கொடுப்பதாகச் சொன்ன நாள் ஆகிய நான்கிலும் முதல் நாளிலிருந்தே குறையிருத்தலாகாது. நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14ஐ விஞ்சாதிருத்தல் வேண்டும். மருந்து தெளித்த மரக்கறியை, சுட்டுத்துண்டிற் குறித்த காத்திருப்புக் காலம் கழியுமுன் பறித்தலாகாது. பெயர், படம், பக்கத்தின் அலங்காரம் ஆகியனவோ பின்னர்த் திருத்தத்தக்கவை. அவற்றிற்காக விற்பனையை நிறுத்திவைத்தல் வேண்டாம்.

கமக்காரர் குடும்பம் ஒன்று

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில், கமத்தொழிற் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பாட்டனாரும் பேரன்மாரும் 2018இல் "வில்லேஜ் குக்கிங் சனல்" என்னும் யூரியூப் அலைவரிசையைத் தொடங்கினர். படப்பிடிப்புக் கூடம் எதனையும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை; வயல்வெளியிலேயே அடுப்பு மூட்டினர். 2021இல் அதன் சந்தாதாரர் ஒரு கோடியை எட்டினர். தமிழ் அலைவரிசைகளுள் அவ்வெண்ணிக்கையை முதலில் அடைந்தது அதுவே. எல்லோர்க்கும் இத்தகைய பேறு கிட்டுமென்பதில்லை. எனினும், உள்ளதைக் கொண்டு தொடங்கலாம் என்பது இதனாற் புலனாகும்.

தொடங்கும் முறை

விதைநெல்லில் 100 மணிகளை முளைக்கவைத்துப் பார்த்த பின்னரே மூடையை விதைக்கின்றோம். அவ்வாறே இங்கும் சிறிதாகச் சோதித்தறிக.

1. நன்கு விளைந்த ஒரு பொருளை மட்டும் தெரிந்தெடுக்கவும்.

2. பகல் வெளிச்சத்தில், உள்ளதை உள்ளவாறே படமெடுக்கவும்.

3. அறிந்த பத்து வீட்டாருக்கு விலை, நிறை, கொடுக்கும் நாள் ஆகியவற்றை வட்ஸ்அப்பில் அறிவிக்கவும்.

4. கைவசமுள்ள அளவுக்கு மேல் கட்டளை ஏற்க வேண்டாம்.

5. வரவு, செலவு, போக்குவரத்துக் கூலி ஆகியவற்றைக் கொப்பியில் எழுதவும். வங்கியின் இரகசிய இலக்கத்தை எவருக்கும் கூறற்க.

6. வாங்கியோர் கூறும் குறைகளைக் கேட்டு, வாரத்துக்கு ஒன்றாகத் திருத்தவும்.

நான்கு வாரம் கழிந்தபின் கணக்கைப் பார்க்கவும். இலாபம் காணின் இரண்டாவது பொருளைச் சேர்க்கலாம். வியாபாரத்துக்குத் தனிப்பெயர் சூட்டுவதாயின் அதன் பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கவும். இலாபம் காணாவிடின் நட்டமும் பத்து வீட்டின் அளவினதே. காரணத்தைக் கண்டு மீண்டும் முயலலாம்.

கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பும் நானாட்டான், முருங்கன் கமக்காரரும், வங்காலைச் சுற்றாடலில் மரக்கறி செய்வோரும், அடுத்த அறுவடைக்கு முன்னரே இச்சோதனையைத் தொடங்குவாராக. ஐயம் எழின் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகவும்.