பன்றிகளின் நுரையீரல் அழற்சியும் பாஸ்டுரெல்லாவின் மரபணு வேறுபாடும்: குமரி மாவட்டப் பண்ணைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பன்றிகளின் நுரையீரலில் காணப்படும் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் பாக்டீரியா பெயரால் ஒன்றாயினும் மரபணு அமைப்பால் பலவாகும். இவ்வேறுபாட்டை அறியாது தடுப்பூசியைத் தேர்வதன் இடரைக் கன்னியாகுமரி மாவட்டச் சிறு பண்ணைகளின் சூழலில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பாஸ்டுரெல்லா மல்டோசிடா, உறை வகை, மரபணு வகைப்பாடு, தடுப்பூசி, குமரி மாவட்டம்.

முன்னுரை

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் கன்னியாகுமரி. ஈரம் உலராத கொட்டில்களில் கழிவு தேங்கும்பொழுது எழும் அம்மோனியா மூச்சுக்குழலின் உட்படலத்தைப் புண்படுத்துகிறது. மைக்கோபிளாஸ்மா ஹையோநிமோனியே அப்படலத்தின் நுண்மயிர்களைச் சிதைக்கிறது. இவ்வாறு காவல் இழந்த நுரையீரலுக்குள், நலமான பன்றியின் மூக்கிலும் தொண்டையிலும் வாழக்கூடிய பாஸ்டுரெல்லா இறங்குகிறது. எனவே இந்நுண்ணுயிரி இருப்பது மட்டுமே நோய்க்காரணத்திற்குச் சான்றாகாது. எவ்வகை என்பதும் அறியப்பட வேண்டும்.

உறை வகைகள்

இப்பாக்டீரியாவைச் சூழ்ந்துள்ள சர்க்கரை உறையின் அடிப்படையில் ஏ, பி, டி, இ, எஃப் என ஐந்து வகைகள் உள்ளன. ஏ வகையின் உறை ஹையலூரானிக் அமிலத்தால் ஆனது. இப்பொருள் விலங்கின் திசுக்களிலும் இருப்பதால் எதிர்ப்பாற்றல் அதனை அயலானதாக எளிதில் இனங்காண்பதில்லை. முன்பு ஊநீர்ச் சோதனையால் செய்யப்பட்ட இவ்வகைப்பாட்டினை, 2001இல் டவுன்சென்டும் உடன் ஆய்வாளர்களும் ஒரே பாலிமரேசு தொடர்வினையில் செய்யும் முறையை வகுத்தனர். அதில் இனத்திற்குரிய 460 இணைத்துண்டுடன், ஏ வகைக்கு 1044, பி வகைக்கு 760, டி வகைக்கு 657 இணைகள் கொண்ட துண்டுகள் தோன்றும்.

பன்றிகளின் நுரையீரல் அழற்சியில் ஏ வகையே மிகுதி. டி வகையும் காணப்படும். மூக்கெலும்பைச் சிதைக்கும் நச்சினை உருவாக்கும் டாக்ஸ்ஏ மரபணு டி வகையில் பெரிதும் காணப்படுகிறது. இம்மரபணு பாக்டீரியாவைத் தாக்கும் வைரசு ஒன்றின் வழியாக வந்தமைந்தது. ஆகவே உறை வகையை மட்டும் கொண்டு நச்சுத்தன்மையைத் துணிய இயலாது.

தடுப்பூசிச் சிக்கல்

மாடுகளின் தொண்டை அடைப்பானுக்கு இந்தியாவில் பயன்படும் தடுப்பூசி பி வகையைச் சார்ந்த பி52 என்னும் கிளையினால் ஆனது. பி வகை பன்றிகளிலும் கடும் குருதி நச்சேற்றத்தை உண்டாக்கவல்லது. அதற்கு இத்தடுப்பூசி பொருந்தும். ஆனால் கொல்லப்பட்ட பாக்டீரியாத் தடுப்பூசிகளின் காப்பு பெரும்பாலும் தன் வகையோடு நின்றுவிடுவதால், ஏ அல்லது டி வகையால் இருமும் பன்றிக்கு அதே காப்பை எதிர்பார்க்க இயலாது. ஊசியிட்ட பின்னும் குட்டிகள் இறக்கும்பொழுது, உழவர் ஊசியையே ஐயுறுகிறார். உண்மையில் பிழை தேர்வில் உள்ளது.

பண்ணைக்குள் பரவல்

ஏழு அடிப்படை மரபணுக்களின் வரிசையை ஒப்பிடும் பல்லிட வகைப்பாடு, ஒரே உறை வகைக்குள்ளும் கிளைகளைப் பிரித்தறிகிறது. இறந்த பன்றிகளின் நுரையீரல்களில் ஒரே கிளை கிடைப்பின், அது விலங்குக்கு விலங்கு பரவியதாகக் கொள்ள இடமுண்டு. வெவ்வேறு கிளைகள் கிடைப்பின், கொட்டிலின் ஈரமும் காற்றோட்டக் குறையும் முதற்காரணமாதல் கூடும். முன்னதற்குப் புதிதாக வாங்கிய குட்டிகளைத் தனித்து வைத்தலும், பின்னதற்குக் கொட்டிலைச் சீரமைத்தலும் தீர்வாகும்.

முடிவுரை

மருந்தேற்பைத் தனிச் சோதனையே காட்டும். வகைப்பாடு அதற்கு மாற்றாகாது. எனினும் மருந்திடுமுன் இறந்த பன்றியின் நுரையீரலிலும், ஒப்பீட்டிற்காக நலமான பன்றிகளின் மூக்கிலும் மாதிரி எடுத்தல் வேண்டும். நாலைந்து பன்றிகளை நம்பி வாழும் குடும்பத்திற்கு ஒரு குட்டியின் இழப்பும் பேரிழப்பாதலால், இச்சிறு சோதனை ஆய்வகத்தோடு நின்றுவிடாமல் கொட்டில்வரை சென்றடைதல் இன்றியமையாதது.