ஐந்து நொடித் தனிமை

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் பகுதியிலுள்ள பள்ளி ஒன்றின் சிமெண்ட் மைதானத்தில் மாணவியருக்கான கூடைப்பந்துப் போட்டியைக் காணச் சென்றிருந்தேன். ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே இருந்தது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணியின் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கூடையை நோக்கிப் பாய்ந்தபோது எதிரணியினர் அவளை இடித்துவிட்டனர். நடுவர் விசில் ஊதி அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ அளித்தார். ஒன்று விழுந்தால் சமநிலை. இரண்டும் விழுந்தால் முன்னிலை.

அவள் கோட்டுக்கு வந்து நின்றதும் எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் உரக்கக் கூவினார்: "கவனம்! கவனம்!" எனக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்த அவளுடைய தந்தையும் எழுந்து நின்று அதையே சொன்னார். முதல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. கூவல் இன்னும் உயர்ந்தது. இரண்டாவது பந்து வளையத்தையே தொடவில்லை. ஆட்டம் முடிந்தபின், "உன் மனசே இங்கே இல்லை" என்று பயிற்சியாளர் அவளைக் கடிந்துகொண்டதை அருகிலிருந்து கேட்டேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் கல்லூரி அணிக்காக ஆடியவன் நான். இதே போன்றதொரு மாலையில் இரண்டு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டு, ஏறத்தாழ இதே சொற்களைக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றிருக்கிறேன். மனத்தை ஒருமுகப்படுத்து என்று எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எதன்மீது ஒருமுகப்படுத்துவது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

கூடைப்பந்தில் யாரும் மறிக்காமல், யாரும் தொடாமல் எறியக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு ஃப்ரீ த்ரோ. பின்பலகையிலிருந்து 4.6 மீட்டர் தொலைவில் கோடு. தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் வளையம். வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர். ஆண்கள் ஆடும் பந்தின் விட்டமோ ஏறத்தாழ 24 சென்டிமீட்டர்தான். பந்தைக் கையில் வாங்கியதிலிருந்து ஐந்து நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் இதற்குப் பத்து நொடி தருகிறார்கள். தொலைவு மாறுவதில்லை, உயரம் மாறுவதில்லை, காவலுக்கும் ஆள் இல்லை. ஆயினும் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் அந்தத் தொடரில், பல பத்தாண்டுகளாக நான்கு ஃப்ரீ த்ரோவில் ஒன்று வீணாகிக்கொண்டே வருகிறது. தம் காலத்தில் எவராலும் தடுக்க முடியாதவராக விளங்கிய ஷாகில் ஓ'நீலின் வாழ்நாள் சராசரி 52.7 விழுக்காடு மட்டுமே. அவரைத் தடுக்க வேறு வழியின்றி, வேண்டுமென்றே அவரைப் பிடித்துத் தள்ளி ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்புவதையே எதிரணிகள் ஓர் உத்தியாகக் கொண்டிருந்தன.

தசை வலிமையின் கதை அன்று இது என்பதற்கு நிக் ஆண்டர்சனைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 1989-இல் தொடங்கப்பட்ட ஆர்லாண்டோ மேஜிக் அணி, கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான தேர்வில் முதன்முதலாக எடுத்துக்கொண்ட வீரர் அவர். 1995-இல் அந்த அணி முதல் முறையாக என்.பி.ஏ. இறுதிச்சுற்றுக்கு வந்தது. சொந்த ஊரில் ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு எதிரான முதல் ஆட்டம். பத்துச் சொச்ச நொடிகளே மீதமிருக்க ஆர்லாண்டோ 110-107 என்று முன்னிலையில் இருந்தபோது, ஆண்டர்சனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. ஒன்று விழுந்திருந்தால்கூட ஆட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும். இரண்டும் தவறின. திரும்பி வந்த பந்து அவர் கைக்கே கிடைத்தது. எதிரணியினர் மீண்டும் அவரைப் பிடித்துத் தள்ளினர். மீண்டும் இரண்டு வாய்ப்புகள். அவையும் தவறின. அடுத்த சில நொடிகளில் ஹூஸ்டனின் கென்னி ஸ்மித் மூன்று புள்ளி எறிவால் ஆட்டத்தைச் சமன்செய்தார். கூடுதல் நேரத்தில் ஹூஸ்டன் 120-118 என வென்றது. தொடரையும் 4-0 எனக் கைப்பற்றியது.

ஓர் இரவின் துரதிர்ஷ்டம் என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால் அதுவரை நூற்றுக்கு எழுபது என்ற அளவில் எறிந்துவந்த ஆண்டர்சன், 1996-97 பருவத்தில் 40.4 விழுக்காட்டுக்குச் சரிந்தார். அவருடைய கைகள் அதே கைகள். கோடும் வளையமும் அவையே. ஒவ்வொரு முறை கோட்டில் வந்து நின்றபோதும் அந்த நான்கு பந்துகளும் அவருடன் சேர்ந்தே வந்து நின்றன என்றுதான் கொள்ள வேண்டும். பின்னர் அவர் ஓரளவு மீண்டார். எனினும் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது, அவர் அடித்த ஆயிரக்கணக்கான புள்ளிகள் அல்ல, அடிக்காத நான்கு.

அந்தச் சில நொடிகளில் மனத்துக்குள் நடப்பது என்ன? நாள்தோறும் ஏறி இறங்கும் மாடிப்படியில், எந்தப் படியில் எந்தக் கால் வைக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே இறங்கிப் பாருங்கள்; தடுமாற்றம் வரும். மனப்பாடமாகத் தெரிந்த பாடலை, அடுத்த சொல் என்ன என்று யோசித்தபடி பாடினால் நடுவில் நின்றுவிடும். ஆயிரம் முறை செய்து உடலுக்குப் பழகிப்போன செயலில், அறிவு நடுவில் புகுந்து மேற்பார்வை செய்யத் தொடங்கினால் செயல் குலைகிறது. சியான் பைலாக் என்ற உளவியலாளர் தம் சகாக்களுடன் கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். தேர்ந்தவர்கள் தங்கள் கையசைவையே கவனித்தபடி பந்தைத் தட்டியபோது அவர்களின் ஆட்டம் மோசமானது; கவனத்தை வேறொரு சிறு வேலையில் ஈடுபடுத்தியபோது கெடவில்லை. புதிதாகக் கற்பவர்களிடமோ இது தலைகீழாக இருந்தது. அவர்களுக்குத் தங்கள் அசைவைக் கவனிப்பது உதவியது.

நம் மைதானங்களில் எழும் கூச்சலை இந்த வேறுபாட்டுடன் பொருத்திப் பார்க்க வேண்டும். "முழங்கையை உள்ளே வை, மணிக்கட்டை மடக்கு" என்பது கற்றுக்கொள்ளும் பருவத்தில், பயிற்சி வேளையில் சொல்ல வேண்டிய சொல். போட்டியின் கடைசி நிமிடத்தில் அதைக் கூவினால், தானாக இயங்க வேண்டிய கையை அந்தக் குழந்தை தானே காவல் காக்கத் தொடங்கிவிடுகிறாள். "கவனம்" என்று பொதுவாகக் கூவுவது அதைவிடப் பயனற்றது. கவனம் என்பது எங்கேனும் ஓரிடத்தில் போய் நின்றாக வேண்டும். இடம் சொல்லப்படாதபோது அது அச்சத்தின் மீதுதான் போய் நிற்கிறது.

சரியான இடம் எது என்பதற்குக் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் ஒரு விடை தந்திருக்கிறார். ஃப்ரீ த்ரோ எறிபவர்களின் கண்ணசைவைக் கருவிகொண்டு பதிவுசெய்து 1996-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, துல்லியமாக எறிபவர்களிடம் ஓர் ஒற்றுமையைக் கண்டது. கை அசையத் தொடங்குவதற்கு முன்பே அவர்களின் பார்வை வளையத்தில் ஓர் இடத்தில் சென்று படிந்து, ஏறத்தாழ ஒரு நொடி அசையாமல் நிற்கிறது. அவ்வளவு தேர்ச்சி இல்லாதவர்களின் பார்வையோ வளையம், பலகை, வலை என்று அலைகிறது. இந்த நிலைத்த பார்வையை அவர் 'அமைதியான கண்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார். பின்னர் பல்கலைக்கழக மகளிர் அணி ஒன்றுக்கு இதைப் பயிற்சியாகவே அளித்தபோது, இரண்டு பருவங்களில் போட்டிகளில் அவர்களின் ஃப்ரீ த்ரோ 54 விழுக்காட்டிலிருந்து 76 விழுக்காட்டைத் தாண்டியது. ஒருமுகப்பாடு என்று நாம் ஏதோ தவநிலை போலப் பேசுவதில் ஒரு பகுதியேனும், கண்ணை எங்கே, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்ற எளிய பழக்கம்தான் என்பது எனக்கு வியப்பையும், சற்றே வருத்தத்தையும் தந்தது. என் காலத்தில் யாரேனும் இதைச் சொல்லியிருக்கலாம்.

கண்ணுக்கு முன்பாக மூச்சும் ஒரு சிறு சடங்கும் வேண்டும். இரண்டு முறை பந்தைத் தரையில் தட்டுவது, ஒரு மூச்சை முழுமையாக வெளிவிடுவது, வளையத்தின் ஒரு புள்ளியைப் பார்ப்பது, எறிவது. ஒவ்வொரு முறையும் இதே வரிசை. கூட்டம் கத்தினாலும் கத்தாவிட்டாலும் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பது முன்பே முடிவாகியிருப்பதால், பயம் வந்து உட்கார இடம் குறைகிறது. ஆனால் சடங்கு நீண்டுவிட்டால் அதுவே பகையாகும். 2021 இறுதிக்கட்ட ஆட்டங்களில் மில்வாக்கி அணியின் யானிஸ் அன்டெட்டோகும்போ எறிய எடுத்துக்கொண்ட நேரம் பத்து நொடியை நெருங்கியது. எதிரணி ரசிகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணி அவரை எள்ளி நகைத்தனர். நேரம் கடந்ததற்காக நடுவர்களும் அவர் வாய்ப்பைப் பறித்தனர். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அவர் 19 ஃப்ரீ த்ரோவில் 17-ஐ வளையத்துக்குள் இட்டு, மொத்தம் 50 புள்ளிகள் குவித்து, ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு தம் அணிக்குக் கோப்பையைப் பெற்றுத் தந்தார். அது சொந்த மைதானம், எண்ணுவோர் இல்லை என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம்.

இக்கதையை அங்கேயே நிறுத்துவதுதான் பலருக்கும் பிடிக்கும். ஆனால் 2023 ஏப்ரலில், மில்வாக்கி முதல் சுற்றிலேயே வெளியேறிய ஆட்டத்தில், அதே யானிஸ் 23 ஃப்ரீ த்ரோவில் 10 மட்டுமே இட்டார். மனவுறுதி என்பது ஒருமுறை பெற்றுச் சட்டமிட்டு மாட்டிவைக்கும் சான்றிதழ் அன்று. அன்று செய்தியாளர் ஒருவர் இந்தப் பருவம் தோல்விதானா என்று கேட்டபோது, விளையாட்டில் தோல்வி என்பதே இல்லை, சில நாள் நம் முறை, சில நாள் பிறர் முறை என்ற பொருளில் அவர் பதிலளித்தார். அதைச் சாக்குப்போக்கு என்று விமர்சித்தவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த நாள் காலை மீண்டும் கோட்டில் போய் நிற்க வேண்டியவருக்கு, நேற்றைய கணக்கை எங்கோ ஓரிடத்தில் இறக்கிவைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறர் கண்ணுக்கு அஞ்சுவது எவ்வளவு வலியது என்பதற்கு வில்ட் சேம்பர்லைன் இன்னோர் எடுத்துக்காட்டு. 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் அவர் 100 புள்ளிகள் எடுத்தபோது, 32 ஃப்ரீ த்ரோவில் 28 விழுந்தன. இரு கைகளாலும் பந்தை இடுப்புக்குக் கீழிருந்து மேலே வீசும் முறையில் எறிந்தார். பிறகு அம்முறையைக் கைவிட்டார், சரியவும் செய்தார். அப்படி எறிவது ஆண்மைக் குறைவாகத் தோன்றியது என்று பின்னாளில் அவரே தம் தவற்றை ஒப்புக்கொண்டார். அதே முறையை விடாது பின்பற்றிய ரிக் பேரியின் வாழ்நாள் சராசரி 90 விழுக்காட்டை ஒட்டியது.

நம் பள்ளிகளில் ஃப்ரீ த்ரோ பயிற்சி என்பது பெரும்பாலும் மாலை முடிவில் வரிசையாக நின்று ஐம்பது எறிவது. தவறவிட்டால் மைதானத்தைச் சுற்றி ஓடுவது. போட்டியில் ஐம்பது கிடைப்பதில்லை. இரண்டு கிடைக்கும். அதுவும் மூச்சிரைக்கும் வேளையில் கிடைக்கும். ஆகவே பயிற்சியின் நடுவே, ஓடிக் களைத்த நேரத்தில், இரண்டிரண்டாக எறிய வைப்பதே போட்டிக்கு நெருக்கமானது. தவறினால் தண்டனை என்ற வழக்கமோ தவறுவதற்கு முன்பே தண்டனையை மனத்தில் நட்டுவிடுகிறது. தொலைக்காட்சியில் பார்ப்போர் ஒன்றைக் கவனித்திருக்கலாம்: முதல் பந்து விழுந்தாலும் தவறினாலும் சக ஆட்டக்காரர்கள் கோட்டில் நிற்பவரிடம் வந்து கையைத் தட்டிவிட்டுப் போவார்கள். வெறும் பழக்கம்தான். ஆனால் தவறவிட்டவர் அந்த நொடியில் தனியாக இல்லை.

இந்த விளையாட்டு நமக்கு அயலானதும் அன்று. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இதை உருவாக்கிய அதே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சி நிறுவனத்தில் பயின்ற ஹாரி க்ரோ பக் என்பவர்தான், 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். நூறாண்டுகளுக்கு மேலாக உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கிவரும் மண்ணில், மனப்பயிற்சியை மட்டும் இன்னும் அதட்டலிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

அன்று மாலை அந்தச் சிறுமி தண்ணீர்க் குழாயருகே நின்றிருந்தாள். "எறியும்போது எங்கேம்மா பார்த்தாய்?" என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டு, "பி.டி. சார் முகத்தைத்தான் பார்த்தேன், சார்" என்றாள்.

மறுவாரம் அந்தப் பயிற்சியாளரைச் சந்தித்து இதைச் சொன்னேன். இளைஞர், நல்லவர். முழுப் பள்ளிக்கும் அவர் ஒருவரே உடற்கல்வி ஆசிரியர். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வளையத்தில் எந்த இடத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். வலை மாட்டியிருக்கும் கொக்கிகளில் நேர் எதிரே தெரியும் ஒன்றைக் காட்டினேன். அங்கே கொக்கி இருந்தது, வலை இல்லை. கிழிந்துபோய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றனவாம்.