பத்துப் பவுண்டுக் குருமனை

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், கக்மியர் ஆற்றோரம் ஆல்ஃபிரிஸ்டன் என்றொரு கிராமம். அங்கே புனித அந்திரேயா ஆலயத்தை ஒட்டிய புல்வெளியில் நிற்கும் பழைய குருமனை 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஓக் மரச்சட்டம், சட்டங்களுக்கு நடுவே விளார் பின்னி மண் அப்பிய சுவர், மேலே வேய்ந்த கூரை. அவ்வளவுதான் வீடு. நாடு முழுவதும் அரண்மனைகளையும் கோட்டைகளையும் இன்று காத்துவரும் நேஷனல் டிரஸ்ட் முதன்முதலில் வாங்கிய கட்டடம் இதுதான்.

தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்டன் வகைக் கூடவீடு இது. நடுவில் கூடம், தரையிலிருந்து முகடுவரை தடுப்பே இல்லாத வெளி. இருபுறமும் மாடியுள்ள அறைகள். மாடிச்சுவர் கீழ்ச்சுவரைத் தாண்டிச் சற்று வெளியே நீண்டிருக்கும். கூரையோ மூன்றுக்கும் சேர்த்து ஒன்றுதான். ஆகவே நடுக்கூடத்துக்கு நேரே இறவாரம் சுவரைவிட்டு விலகி அந்தரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. வளைந்த ஓக் கட்டைகள் இருபக்கமிருந்தும் கிளம்பி அதைத் தாங்குகின்றன. அந்த வளைவுகளில் தெரியும் தச்சுக் கணக்கு எனக்குப் பெரிய தேவாலயக் கோபுரங்களுக்குக் குறைந்ததாகப் படவில்லை.

இவ்வகை வீடுகளில் அன்று புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுத்தரையில் நெருப்பு எரியும். புகை மேலேறிக் கைமரங்களைக் கருக்கிவிட்டுக் கூரை வழியே கசியும். தரைக்கு அந்த மண்ணிலேயே கிடைக்கும் வெண்சுண்ணக்கல்லை நொறுக்கி, திமிசு போட்டு இறுக்கி, புளித்த பாலை ஊற்றி மெழுகுவார்கள். பால் காய்ந்ததும் தரை இறுகும், தூசி கிளம்பாது. சாணம் மெழுகிய தரையில் வளர்ந்தவர்களுக்கு இந்த அறிவு அந்நியமாகத் தோன்றாது. ஆல்ஃபிரிஸ்டன் கூடத்தில் இன்றும் அந்தத் தரைதான்.

கத்தோலிக்கக் காலத்துக் குருவுக்குக் குடும்பம் இல்லை. வீடு தாராளமாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் குருமார் மனைவி மக்களோடு வாழத் தொடங்கியதும் அது சிறுத்துப்போயிற்று. காலப்போக்கில் குருமார் வெளியேற, கூலித் தொழிலாளர்கள் குடியேறினார்கள். வாடகை சொற்பம், பராமரிப்பு அதைவிடச் சொற்பம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடித்துவிடலாம் என்றே திருச்சபை நிர்வாகம் முடிவுசெய்துவிட்டது. சாகும்வரை இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று அங்கே குடியிருந்த மூதாட்டி கேட்டுக்கொண்டதால் இடிப்பு தள்ளிப்போனது.

தடுக்கச் சட்டம் ஏதும் இல்லை. 1882இல் வந்த தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் ஸ்டோன்ஹெஞ்ச் போன்ற வரலாற்றுக்கு முந்தைய சின்னங்களுக்கானது. மனிதர் குடியிருக்கும் வீடு அதன் கண்ணில் படவில்லை. அந்த நிலையில்தான் ஊரின் புதிய குரு பெய்னன், வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நாடினார். பின்பு விஷயம் ஆக்டேவியா ஹில்லிடம் வந்தது. ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி ஆகியோருடன் சேர்ந்து 1895இல்தான் அவர் டிரஸ்டைத் தொடங்கியிருந்தார். 1896இல் 10 பவுண்டுக்கு வீடு கைமாறியது. பழுதுபார்க்க அதைப்போலப் பல மடங்கு தேவைப்பட்டது; ஹில் நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதினார். லண்டன் ஏழைகளின் வீட்டுவசதிக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர், யாரும் மதிக்காத ஒரு சிறு வீட்டை முதலில் தேர்ந்ததை அவர் செய்த மிகச் சரியான காரியங்களில் ஒன்றாக நினைக்கிறேன். மாளிகையிலிருந்து தொடங்கியிருந்தால் பாதுகாப்பு என்பதே செல்வந்தர் சொத்தைக் காப்பது என்றாகியிருக்கும்.

பழுதுபார்த்த விதமும் முக்கியம். பழமையை மீட்கிறோம் என்று சுவரைச் சுரண்டி, பழைய மரத்தைத் தூக்கி எறிந்து, புதிதாய் ஒரு பழங்காலத்தைக் கட்டிவைப்பது அன்றைய வழக்கம். மோரிஸ் வழிவந்த கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பவல் அப்படிச் செய்யவில்லை. தாங்கும் வலுவுள்ள மரத்தை விட்டுவைத்தார்கள், தளர்ந்த இடத்துக்கு மட்டும் முட்டுக் கொடுத்தார்கள். நம்மூர்க் கோயில்களில் மணல்வீச்சுக்குக் கல்வெட்டுகளைப் பலிகொடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த நிதானத்தின் அருமை தெரியும்.

சட்டத்தைப் பொறுத்தவரை இன்று நிலைமை தலைகீழ். 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்க முடியாதவை என்று தன் சொத்துகளை டிரஸ்ட் அறிவிக்கலாம். 1947க்குப் பின் சிறப்புக் கட்டடங்களின் அரசுப் பட்டியலும் வந்தது. டிரஸ்டின் உறுப்பினர்கள் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அதன் ஓக் இலைச் சின்னம் இந்தக் கூடத்து உத்தரத்தில் செதுக்கிய இலையிலிருந்து பிறந்தது என்று சொல்பவர்களும் உண்டு. கலைச் சேகரிப்பாளர் சர் ராபர்ட் விட் இங்கே வாடகைக்கு இருந்து உருவாக்கிய தோட்டம் ஆற்றை நோக்கிப் பூத்துக்கிடக்கிறது.

சட்டம் வந்தாலும் கூரை வேய ஆள் வேண்டும், வைக்கோல் வேண்டும். தென் இங்கிலாந்தின் கோதுமை வைக்கோல் கூரைகளைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய்ந்தாக வேண்டும். இன்றைய கோதுமையோ குட்டை ரகம்; அறுவடை இயந்திரமும் தாளை நசுக்கிவிடுகிறது. ஆகவே நெடுந்தாள் ரகங்களை இதற்கென்றே விதைத்து, பழைய கட்டுக்கட்டும் இயந்திரங்களால் அறுக்கும் விவசாயிகள் சிலர் அங்கே இருக்கிறார்கள். அந்த வயல்களையும் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும்.