படகு எஞ்சினுக்கும் ஓர் ஆழம் உண்டு

ஊரில் கடல் தொழில் செய்யும் தம்பிக்கோ மச்சானுக்கோ இங்கிருந்து பணம் அனுப்பி ஒரு படகு எஞ்சின் வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உண்டு. சீட்டுப் பிடித்தும் நகையை வைத்தும் சேர்த்த பணம் அது. அப்படி வாங்கும்போது எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை குதிரை சக்தி?" அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "எஞ்சினின் கால் எவ்வளவு நீளம்? அது படகில் எந்த உயரத்தில் உட்காரப் போகிறது?" என்பதே அந்தக் கேள்வி. எண்ணெய்ச் செலவு, எஞ்சினின் ஆயுள், சில சமயம் ஆளின் உயிர் ஆகியவைகூட இதற்குள் அடங்கியிருப்பதால், வாசக அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் இதைப் படிக்க வேண்டுகிறோம்.

வெளியே தொங்கும் எஞ்சின்

அவுட்போர்ட் எஞ்சினை நம் அரசு அலுவலகங்கள் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்று எழுதுகின்றன. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ் பெற்றார். தலை மேலே, விசிறி கீழே, இரண்டையும் இணைக்கும் நீண்ட கால் நடுவே. அதுதான் இதன் அமைப்பு. படகின் உடலில் ஓட்டை போட்டுத் தண்டு இறக்க வேண்டியதில்லை. கரையை நெருங்கும்போது அப்படியே தூக்கிவிடலாம். துறைமுகம் இல்லாத மணல் கரையில் அலையைத் தாண்டிப் போய் வரும் நம் மீனவர்களுக்கு இது பெரிய வசதி.

தமிழகத்தின் தென்கோடியில் 1980-களில் இந்த எஞ்சின்கள் பரவத் தொடங்கின. பியர் ஜிலே என்ற பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் குமரி மாவட்டத்து முட்டம் பகுதி மீனவர்களுடன் சேர்ந்து, கட்டுமரத்துக்கு மாற்றாக ஒட்டுப்பலகைப் படகுகளைச் செய்து பார்த்தார். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும், அலையில் இறங்கிக் கரையேறும் படகுகளை ஆராய்ந்தது. 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமிக்குப் பிறகு பல கிராமங்களில் கட்டுமரம் குறைந்து பைபர் படகு பெருகியது. படகு மாறியது, எஞ்சினும் மாறியது. இரண்டையும் பொருத்திப் பார்க்கும் அளவுகோலை மட்டும் பலர் கையில் எடுக்கவில்லை.

அமெரிக்க ஏரியில் ஒரு தகடு

அமெரிக்காவில் பாஸ் என்ற நன்னீர் மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது பெரிய பொழுதுபோக்கு. அதற்கென்றே தாழ்வான, மிக வேகமான படகுகள் இருக்கின்றன. அந்தப் படகுக்காரர்கள் எஞ்சினை நேராகப் பின்பலகையில் மாட்டாமல், நடுவில் 'ஜாக் பிளேட்' என்ற ஓர் உலோகத் தாங்கியை வைத்து அதில் மாட்டுகிறார்கள். அது இரண்டு வேலை செய்யும். எஞ்சினைச் சில அங்குலம் பின்னுக்குத் தள்ளி வைக்கும். வேண்டியபடி ஏற்றி இறக்கவும் உதவும். சிலவற்றில் போல்ட்டைத் தளர்த்தி ஏற்ற வேண்டும். சிலவற்றில் பொத்தானை அழுத்தினால் போதும்.

பின்னுக்குத் தள்ளுவதால் என்ன லாபம்? வேகமாகப் போகும் படகு தண்ணீரை அமுக்கிக்கொண்டு போகிறது. பின்பலகையைத் தாண்டியதும் அமுங்கிய தண்ணீர் மேலே எழும்புகிறது. அங்கே விசிறி இருந்தால், எஞ்சினை உயர்த்தினாலும் அதற்குத் தண்ணீர் கிடைக்கும். எட்டு முதல் பத்து அங்குலம் பின்னே தள்ளினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் உயர்த்தலாம் என்பது அங்குள்ள தொழிலாளர்களின் கைக்கணக்கு. எஞ்சினின் கால் தண்ணீரில் எவ்வளவு குறைவாக முங்குகிறதோ, அவ்வளவுக்கு இழுவைத் தடை குறையும், வேகம் கூடும்.

நம் ஊர்ப் படகுக்கு இந்தத் தகடு தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை. வலையும் ஐஸும் மீனும் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் போகும் படகின் பின்னே தண்ணீர் அப்படி எழும்புவதில்லை. மேலும், எஞ்சினைப் பின்னே தள்ளினால் பாரமும் பின்னே போகும். படகின் பின்புறம் தாழும். அலை உள்ளே ஏறும். ஆனால் அந்தத் தகட்டுக்குப் பின்னால் உள்ள கணக்கு நமக்கும் பொருந்தும்.

அளக்கும் விதம்

விசிறிக்குச் சற்று மேலே, தண்ணீருக்கு இணையாக ஒரு தட்டையான தகடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'கேவிட்டேஷன் பிளேட்' என்பார்கள். மேலேயுள்ள காற்றை விசிறி உறிஞ்சிவிடாமல் தடுப்பதே அதன் வேலை. இந்தத் தகடுதான் நம் அளவுகோல்.

படகைச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை நிமிர்த்தி மாட்டுங்கள். நேரான நீண்ட பலகை ஒன்றைப் படகின் அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பின்பக்கம் நீட்டுங்கள். எஞ்சினின் தகடு அந்தப் பலகையின் மட்டத்திலோ, அதற்கு ஓர் அங்குலத்துக்குள் கீழேயோ இருந்தால், சாதாரணப் படகுக்கு அது நல்ல தொடக்கம்.

எஞ்சின்களின் கால் பொதுவாக மூன்று அளவுகளில் வரும். குட்டையானது 15 அங்குலப் பின்பலகைக்கு. நீளமானது 20 அங்குலத்துக்கு. மிக நீளமானது 25 அங்குலத்துக்கு. இதை மறந்து வாங்கினால் என்ன ஆகும்? 20 அங்குலப் பின்பலகையில் 15 அங்குல எஞ்சினை மாட்டினால், தகடு படகின் அடிமட்டத்துக்கு 5 அங்குலம் மேலே நிற்கும். விசிறி தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். எஞ்சின் 'வீர்' என்று கத்தும், படகு நகராது. எண்ணெய் மட்டும் எரியும். மாறாக, 15 அங்குலப் பலகையில் 20 அங்குல எஞ்சினை மாட்டினால் கால் 5 அங்குலம் கூடுதலாக முங்கும். படகு கல்லைக் கட்டி இழுப்பதுபோல் போகும். கரையேறும்போது விசிறி மணலில் முட்டும்.

இரண்டாவது வகைக் குறைக்கு நம் தச்சர்களிடமே மருந்து உண்டு. பின்பலகையின் மேல் உறுதியான மரக்கட்டையை வைத்து, குறுக்கே போல்ட் போட்டு இறுக்கி, உயரத்தைக் கூட்டிவிடலாம். அதுவே நம் ஊர் ஜாக் பிளேட்! கிளாம்ப் பிடிக்கும் கட்டை அசையக் கூடாது. போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கிப் பலகை உளுக்காமல் அடைக்க வேண்டும். போல்ட் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். முதல் வகைக் குறைக்குக் கட்டை உதவாது. பலகையை வெட்டித் தாழ்த்தினால் அந்த வழியாகவே கடல் உள்ளே வரும். ஆகவே சந்தேகம் இருந்தால், குட்டைக் கால் எஞ்சினை வாங்காதிருப்பதே நல்லது.

கொஞ்சம் கொஞ்சமாக

தரையில் அளந்தது தொடக்கம்தான். முடிவைத் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும். வழக்கமான பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். தூரம் தெரிந்த இரண்டு அடையாளங்களுக்கு இடையே எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அரை அங்குலம் உயர்த்தி மீண்டும் ஓட்டுங்கள். ஒரே தடவையில் இரண்டு மாற்றம் செய்யக் கூடாது. செய்தால் எதனால் பலன் வந்தது என்று தெரியாது.

எங்கே நிறுத்துவது? திருப்பும்போது விசிறி வழுக்கினால், அலையின் உச்சியில் எஞ்சின் கத்தினால், கொஞ்சம் இறக்க வேண்டும். இன்னொரு அடையாளம் இதைவிட முக்கியம். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் கீழ்க்காலில் உள்ள துளைகள் வழியாக உறிஞ்சப்பட்டு, ஒரு மெல்லிய தாரையாகப் பின்புறம் பீச்சும். அந்தத் தாரை மெலிந்தாலோ நின்றாலோ உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். உயரம் கூடிப்போய்த் துளை காற்றை இழுத்தால், உள்ளேயுள்ள ரப்பர் சக்கரம் தேய்ந்து கருகும். பிறகு எஞ்சினே சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பாஸ் படகுக்காரர்கள் இதற்காகவே தண்ணீர் அழுத்தம் காட்டும் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நமக்குக் கண் போதும்.

கடல் ஏரி அல்ல. ஏரியில் வேகத்துக்காக விளிம்புவரை உயர்த்துவார்கள். அலைக் கடலில் விசிறிக்குச் சற்று ஆழம் மிச்சம் வைப்பதே புத்தி. கரை உடைப்பு அலையைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில் விசிறி காற்றைப் பிடித்தால் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். அதனால்தான் நம் பெரியவர்கள் வேகத்தைவிடப் 'பிடிப்பு' பற்றி அதிகம் பேசுவார்கள். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழி எஞ்சினின் காலுக்கும் பொருந்துகிறது!

மும்பையில் இருந்து என்ன செய்யலாம்?

இந்த நகரமே மீனவர் ஊர்தான். 1909-ஆம் ஆண்டுப் பம்பாய் கெசட்டியர், தாராவியைத் தீவின் ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாகக் குறித்தது. செம்பூருக்கு அருகே டிராம்பேயிலும் மாகுலிலும் இன்றும் கோலி மக்கள் வாழ்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளை மாஹிம், வொர்லிக் கரைகளுக்கு அழைத்துப் போகிறவர்கள், அங்கே எஞ்சின் மாட்டிய சிறு படகைக் கண்டால் தகடு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். தாத்தாவின் தொழிலைப் பற்றிப் பேச அது ஒரு நல்ல சாக்கு.

ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள், அதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். பின்பலகையின் உயரம் எத்தனை அங்குலம்? வாங்கப் போகும் எஞ்சினின் கால் எத்தனை அங்குலம்? பலகை வைத்துப் பார்த்தபோது தகடு எங்கே நிற்கிறது? மூன்றாவதைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். பழைய எஞ்சின் வாங்குவதானால் இந்தக் கேள்விகள் இன்னும் அவசியம். விற்பவர் குதிரை சக்தியைத்தான் சொல்வார், காலின் நீளத்தைக் கேட்டால்தான் சொல்வார்.

நான்காவதாக ஒன்று. எஞ்சினோடு வரும் சிவப்புக் கயிறு, ஓட்டுகிறவர் கையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்வதற்காக. ஆள் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். ஆளில்லாத படகு சுற்றிவந்து விழுந்தவரையே தாக்குவதைத் தடுப்பது அந்தக் கயிறுதான். இடைஞ்சல் என்று அதை எஞ்சினிலேயே கட்டி வைப்பது வழக்கமாகிவிட்ட கரைகள் உண்டு. அக்காளோ அண்ணனோ மும்பையிலிருந்து உரிமையோடு ஒரு வார்த்தை சொன்னால் தம்பி கேட்பான். எஞ்சினுக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அதைச் சொல்லும் உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.